டியோஸ்க் பண்ணையின் போதகர்

(நூற்றாண்டு விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





‘ஊழியமும் உழைப்பும்’ என்ற பொருளில் பேசும்படி சங்கத்தின் செயற்குழுவினர் எங்களைக் கேட்டிருந்தார்கள். ஒரே வகுப்பில் படித்து இன்று பிரித்தானியாவில் வாழும் சிலர் சேர்ந்து இந்த உரையை ஆயத்தம் செய்தோம். வாசிப்பது ஒரு குரலானாலும் எழுதியவை பல கைகள். ஆகையால் ‘நாங்கள்’ என்றே பேச அனுமதி தாருங்கள்.

இத்தகைய கூட்டங்களில் பாடசாலையைத் தோற்றுவித்த பெரியோரைப் பற்றிப் பேசுவது வழக்கம். அவர்களின் கதையை இந்த மண்டபத்திலுள்ள எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வீர்கள். எனவே அவர்களுடைய சபைக் குடும்பத்தின் இன்னொரு கிளையிலிருந்து ஒரு மனிதரை உங்கள் முன் கொண்டுவருகிறோம். அவர் இலங்கையைக் கண்டவரல்லர். வேல்ஸ் நாட்டின் மலைக் கிராமமொன்றில் போதகராக இருந்தவர். பின்பு கடல் கடந்து போய்க் காடு வெட்டிக் கமம் செய்தவர். சாமுவேல் றொபேட்ஸ் என்பது அவர் பெயர். வேல்ஸ் மக்கள் அவரை ‘எஸ். ஆர்.’ என்ற இரண்டு எழுத்துகளாலேயே அறிவார்கள்.

இவரை ஏன் தெரிந்தெடுத்தோம் என்பதை இறுதியில் சொல்கிறோம். இப்போதைக்கு ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே வந்திருக்கும் எங்களில் பலருக்கு ஊரில் ஒரு துண்டுக் காணியாவது இருக்கிறது. அதை வேறு யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

தங்கைகளுக்காக முதலில் ஒரு சிறு விளக்கம். 1816ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தில் பணி தொடங்கிய அமெரிக்க மிஷனரிமார் பெரும்பாலும் கொங்கிறிகேஷனல் சபை மரபைச் சேர்ந்தவர்கள். 1824இல் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்காக விடுதிப் பாடசாலையைத் தொடங்கிய ஹரியற் வின்ஸ்லோ அம்மையாரும் அந்த மரபிலே வந்தவர். அந்த முறையில் சபைக்கு மேலே பேராயர் இல்லை. ஊரின் விசுவாசிகள் கூடித் தங்கள் போதகரைத் தாங்களே அழைப்பார்கள், தாங்களே தாங்குவார்கள், சபைக் காரியங்களைத் தாங்களே பேசித் தீர்ப்பார்கள். சமைக்கும் அரிசியில் ஒரு பிடியை எடுத்து வைத்துச் சபைக்குக் கொடுத்த எங்கள் பாட்டிமாரை நினைத்தால் இந்த முறை எப்படி நடந்தது என்பது விளங்கும்.

இந்த முறையில் சுதந்திரம் உண்டு. ஆனால் சபையார் ஏழைகளாயிருந்தால் போதகரும் ஏழையாகவே இருக்க வேண்டும். வேல்ஸின் மலைச் சபைகளில் அதுதான் நிலைமை. அங்கே கொங்கிறிகேஷனல் சபையாரைச் சுயாதீனர் என்று அழைத்தார்கள். அரசாங்கத் திருச்சபைக்கு அவர்கள் சேராவிட்டாலும் அதற்குரிய தசமபாகத்தைக் கட்டியே ஆகவேண்டும். அதற்கு மேலேதான் தங்கள் ஆலயத்தையும் போதகரையும் தாங்கவேண்டும். ஆகவே போதகர் வீட்டுக்கு ஒரு பண்ணை தேவைப்பட்டது. கிழமை நாட்களில் ஆடு மாடும் ஓட்ஸ் வயலும், ஞாயிறன்று பிரசங்க மேடை.

மத்திய வேல்ஸில் மொன்ற்கொமறி மாவட்டத்திலுள்ள லான்பிரின்மைர் அப்படியொரு ஊர். சுற்றிலும் புல் மலைகள், இடையிலே சிறு ஆறுகள், மழையும் குளிரும் நிறைந்த இடம். 1739இல் கட்டப்பட்ட அந்த ஊர்ச் சுயாதீன ஆலயத்தை இன்றும் ‘பழைய ஆலயம்’ என்றே சொல்கிறார்கள். அதன் போதகர் ஜோன் றொபேட்ஸ், அவர் மனைவி மேரி. இவர்களுடைய மகனாக 1800ஆம் ஆண்டு மார்ச் 6ஆம் திகதி சாமுவேல் பிறந்தார். அவருக்கு ஆறு வயதானபோது, 1806இல், குடும்பம் டியோஸ்க் என்ற பண்ணையைக் குத்தகைக்கு எடுத்துக் குடியேறியது.

அந்தக் குத்தகை எத்தகையது என்பதில்தான் கதை முழுவதும் அடங்கியிருக்கிறது. ஊரின் நிலத்தில் பெரும்பகுதி சில பிரபுக்களின் கையில் இருந்தது. டியோஸ்க்கின் உடைமையாளர் வட வேல்ஸின் மிகப்பெரிய நிலவுடைமைக் குடும்பமான வில்லியம்ஸ் வின் குடும்பத்தார். பிரபு ஊரில் இருப்பதில்லை. அவருக்காகக் காரியஸ்தர் ஒருவர் குத்தகை பேசுவார், வசூலிப்பார், விலக்குவார். பிரபு பேசுவது ஆங்கிலம், கமக்காரர் பேசுவது வெல்ஷ். பிரபு அரசாங்கத் திருச்சபை, கமக்காரர் சுயாதீனர் அல்லது மெதடிஸ்தர். குத்தகை வருடத்துக்கு வருடம். அடுத்த வருடமும் நிலம் தன்னிடம் இருக்குமா என்பது உழுபவனுக்குத் தெரியாது.

டியோஸ்க்கை எடுத்த ஜோன் போதகர் ஓய்ந்திருக்கவில்லை. நீர் தேங்கிய இடங்களில் வடிகால் வெட்டினார். வேலிகளை அடைத்தார். கட்டடங்களைத் திருத்தினார். செலவு அவருடையது, உழைப்பு குடும்பத்தினுடையது. நிலம் நன்றாக வந்தது. நிலம் நன்றாக வந்தபடியால் அதன் பெறுமதி கூடிற்று. பெறுமதி கூடியபடியால் குத்தகைப் பணம் உயர்ந்தது. தன் பணத்தைப் போட்டு நிலத்தைத் திருத்தியவர், அந்தத் திருத்தத்துக்காகவே கூடுதல் குத்தகை கட்டவேண்டி வந்தது. விலகிப்போனாலோ போட்ட பணத்தில் ஒரு சதமும் திரும்பக் கிடைக்காது. வடிகாலைச் சுருட்டிக் கொண்டுபோக முடியுமா? வேலியைத் தலையில் தூக்கிக்கொண்டு போக முடியுமா?

1834இல் ஜோன் போதகர் காலமானார். அதன் பின் பண்ணை விதவையான மேரி அம்மையாரின் பேரில் நடந்தது. பிற்காலத்தில் சாமுவேல் இந்தப் பண்ணையின் வரலாற்றை அச்சிட்டபோது, அது ஜோன் றொபேட்ஸும் அவருடைய விதவையும் பண்ணையை வைத்திருந்த காலத்தின் வரலாறு என்று தலைப்பிலேயே போட்டார். அக்காலத்துப் புத்தகத் தலைப்பில் ஒரு கமக்காரப் பெண்ணுக்கு இடம் கிடைத்தது சிறிய காரியமன்று. ஆண்கள் பிரசங்கித்தும் எழுதியும் பேர் பெற்ற வீட்டில், பாலும் வெண்ணெயும் குத்தகைத் தவணையுமாகப் பண்ணையைத் தூக்கி நிறுத்தியவர் யார் என்பது மகனுக்குத் தெரிந்திருந்தது.

இனி மகனிடம் வருவோம். சாமுவேல் தந்தையிடமும் பின்பு சுயாதீனரின் போதகர் பயிற்சிக் கழகத்திலும் படித்தார். 1827இல் அபிஷேகம் பெற்றுத் தந்தைக்குத் துணைப் போதகரானார். தந்தைக்குப் பின் அதே ஆலயத்தின் பொறுப்பை ஏற்றார். தம்பி ஜோனும் போதகரானார். இளைய தம்பி ரிச்சர்ட் பண்ணையைக் கவனித்தார், அவரும் எழுத்தாளர்தான். மூன்று சகோதரரையும் வேல்ஸ் அறிந்தது.

எஸ். ஆர். பிரசங்க மேடையோடு நிற்கவில்லை. 1843இல் வெல்ஷ் மொழியில் ‘குரோனிக்கிள்’ என்ற மாத இதழைத் தொடங்கினார். கூலிக்காரரும் வாங்கக்கூடிய மலிவான இதழ் அது. அதில் அவர் எழுதியவற்றின் பட்டியலைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. அடிமை முறை ஒழிய வேண்டும். தானிய இறக்குமதி மீதான வரி நீங்க வேண்டும். தபால் கட்டணம் ஏழைக்கும் எட்ட வேண்டும். வாக்குரிமை எல்லோருக்கும் வேண்டும். பெண்களையும் அதில் சேர்த்தார். எங்கள் பள்ளத்தாக்குக்கு ரயில் வேண்டும். போர் கூடாது, கிரைமியாப் போரும் கூடாது. மதுவை விடுங்கள். நாட்டின் ஒரு மூலையில், மாட்டுத் தொழுவத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு எழுதிய மனிதரின் பட்டியல் இது.

எல்லாவற்றிலும் அவர் கூறியது இன்று எமக்கு ஒப்பாகும் என்று சொல்லமாட்டோம். பாடசாலைகளுக்கு அரசாங்கப் பணம் கூடாது என்றும் அவர் வாதாடினார். பணம் கொடுக்கும் கை ஒரு நாள் கழுத்தையும் பிடிக்கும் என்பது அவரின் அச்சம். உதவி நன்கொடைப் பாடசாலைகளில் படித்து வளர்ந்த நாங்கள் அதை ஒரு புன்னகையுடன் கேட்டுக்கொள்ளலாம்.

ஆனால் நிலத்தைப் பற்றி எழுதியபோது அவருடைய எழுத்தில் வேறொரு சூடு இருந்தது. 1850இல் ஒரு சிறு கதையை வெளியிட்டார். அதில் வரும் கமக்காரர் பெயரே ‘கவனக்காரர்’ என்ற பொருள் தருவது. அவர் சிக்கனமாக வாழ்ந்து, நிலத்தைத் திருத்தி, குத்தகையைத் தவணை தவறாமல் கட்டுகிறார். காரியஸ்தர் குத்தகையை உயர்த்துகிறார். கமக்காரர் பேசிப் பார்க்கிறார், கெஞ்சிப் பார்க்கிறார், முடிவில் பண்ணையை விட்டு அமெரிக்காவுக்குக் கப்பலேறுகிறார். அவருக்குப் பின் வந்தவர்கள் அந்தக் குத்தகைக்கு ஈடுகொடுக்க முடியாமல் நொடிந்துபோகிறார்கள். முடிவில் நட்டம் பிரபுவுக்கும் தான். கதையில் வில்லனை அடித்துச் சாய்ப்பவர் எவருமில்லை. கணக்குப் புத்தகமே தீர்ப்புச் சொல்கிறது. வேல்ஸின் கமக்காரர் அதை வாசித்தபோது தங்கள் வீட்டுக் கதையையே வாசித்தார்கள்.

நான்கு வருடங்களுக்குப் பின், 1854இல், கற்பனைத் திரையையும் விலக்கி டியோஸ்க் பண்ணையின் உண்மை வரலாற்றையே எழுதினார். குத்தகையை நம்பி வாழும் ஒருவர், உடைமையாளர் உயிரோடிருக்கையில், ஊரும் பேரும் போட்டு எழுதுவதற்குத் துணிவு வேண்டும். அந்தத் துணிவுக்கு அவர் கொடுத்த விலை அவருடைய ஊர்.

அமெரிக்கா அந்த ஊருக்குப் புதிதன்று. 1795இலேயே லான்பிரின்மைரிலிருந்து ஒரு குழு கப்பலேறிப் போயிருந்தது. சாமுவேலின் சிறிய தகப்பனார் ஒருவர் பென்சில்வேனியாவில் போதகராயிருந்தார். ஒஹாயோவில் குடியேறிய உறவினர் ஒருவரின் மகனான வில்லியம் பெப் 1846 முதல் 1849 வரை அந்த மாநிலத்தின் ஆளுநராகவே இருந்தார். குத்தகைக்காரனின் பிள்ளை ஆளுநராகக்கூடிய தேசம் என்றால் மலைக் கிராமத்து மனம் எப்படி அலைந்திருக்கும் என்று சொல்லவும் வேண்டுமா?

வடக்கில் நல்ல நிலத்தின் விலை ஏறிவிட்டிருந்தது. தெற்கே டெனசி மாநிலத்தின் கிழக்கு மலைப் பகுதியில் பெருந்தொகைக் காணி மிக மலிவாகக் கிடைப்பதாகச் செய்தி வந்தது. ஒவ்வொரு வெல்ஷ் குடும்பத்துக்கும் சொந்த உறுதியோடு காணி. பிரபு இல்லை, காரியஸ்தர் இல்லை, தங்கள் மொழியில் ஆலயம், தங்கள் மொழியில் பாடசாலை. எஸ். ஆர். இதை நம்பினார். தாம் நம்பியதை இதழில் எழுதினார். 1856இல் தம்பி ரிச்சர்ட் மனைவியுடனும் சிறு மகளுடனும் முதற் குழுவில் போனார். 1857இல், ஐம்பத்தேழு வயதில், எஸ். ஆர். தாமும் புறப்பட்டார். முப்பது வருட ஊழியத்தை விட்டு, பிறந்த ஊரை விட்டு, தாயும் தந்தையும் உறங்கும் மண்ணை விட்டுப் போனார். இதழைத் தம்பி ஜோனிடம் ஒப்படைத்தார்.

சகோதரிகளே, இனி வருவது சொல்வதற்கு மனம் கனக்கும் பகுதி. பெரியவர்களின் வாழ்க்கையைச் சொல்லும்போது இப்படியான பகுதிகளை நாம் விரைவாகக் கடந்துவிடுவோம். அப்படிக் கடந்தால் இந்த மனிதருக்கு நியாயம் செய்தவர்களாக மாட்டோம்.

வாங்கிய காணியை வாங்கும் முன் அவர் பார்க்கவில்லை. ஸ்கொட் மாவட்டத்தின் அந்த மேட்டுநிலம் அடர்ந்த காடு. மண் மெலிந்தது. தெருக்கள் இல்லை. எல்லாவற்றிலும் கொடியது உறுதிச் சிக்கல். அதே காணிக்கு ஒன்றன்மேல் ஒன்றாக வேறு வேறு காலத்தில் உரிமை வழங்கப்பட்டிருந்தது. கையிலிருந்த உறுதி எந்த நிலத்துக்குரியது, அந்த நிலம் யாருக்குரியது என்பதே வழக்காயிற்று. தன் காணி உறுதியை எடுத்துக்கொண்டு நீதிமன்றப் படி ஏறிய அனுபவம் இந்த மண்டபத்தில் எத்தனை குடும்பங்களுக்கு உண்டு என்பதை நாங்கள் அறிவோம். அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

அவருடன் கப்பலேறியவர்களில் பெரும்பாலோர் அந்தக் காட்டுக்கு வந்து சேரவேயில்லை. வழியிலே செய்தியைக் கேள்விப்பட்டு ஒஹாயோவிலும் வேறு வெல்ஷ் குடியேற்றங்களிலும் தங்கிவிட்டார்கள். வந்த சிலரும் நாளடைவில் விலகினார்கள். வில்லியம் பெப்பும் உள்நாட்டுப் போர் தொடங்கியபோது வடக்கே போய்விட்டார். எஸ். ஆர். நின்றார். தாம் அழைத்த இடம் அது. தாம் எழுதியதை நம்பிப் பிறர் பணம் போட்ட இடம் அது. ‘நீருற்று மேடு’ என்று பொருள்படும் வெல்ஷ் பெயரை வீட்டுக்கு வைத்து, மரம் வெட்டி, வேலி போட்டு, பயிர் வைத்தார். பிரசங்க மேடையில் நின்று பழகிய கைகள் முதுமையில் கோடரி பிடித்தன. அவ்வப்போது வடமாநிலங்களுக்குப் போய் வெல்ஷ் சபைகளில் பிரசங்கித்து வந்தார். அமைக்க நினைத்த குடியேற்றம் மட்டும் அமையவில்லை.

இதில் ஒரு வேதனையான வேடிக்கையும் உண்டு. லான்பிரின்மைர் பள்ளத்தாக்குக்கு ரயில் வேண்டும் என்று எத்தனையோ வருடங்கள் எழுதியவர் அவர். அந்த ரயில் 1863இல் வந்தது. அப்போது அவர் டெனசியின் காட்டில் இருந்தார். டெனசியின் அந்த மாவட்டத்துக்கு ரயில் 1880இல் வந்தது. அப்போது அவர் வேல்ஸுக்குத் திரும்பிப் பல வருடங்களாகிவிட்டன.

1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டது. டெனசி மாநிலம் பிரிவினைப் பக்கம் சேர்ந்தது. ஏழைக் கமக்காரரின் ஸ்கொட் மாவட்டமோ 521க்கு 19 என்ற வாக்குகளால் பிரிவினையை மறுத்து, மாநிலத்திலிருந்து தான் பிரிந்து ‘ஸ்கொட் சுதந்திர நாடு’ என்று தன்னை அறிவித்துக்கொண்டது. 1986இல்தான் அந்தத் தீர்மானத்தை முறைப்படி இரத்துச் செய்தார்கள். கேட்பதற்குச் சிரிப்பாக இருக்கும். இருபுறத்துப் படைகளுக்கும் கூட்டம் சேர்ந்து கொள்ளையிடுவோருக்கும் நடுவில் இருந்த வீடுகளுக்கு அது சிரிப்பாக இருந்திருக்காது. அப்படி நடுவில் இருப்பது என்னவென்று எமது தலைமுறைக்குத் தெரியும்.

எஸ். ஆர். அடிமை முறையைத் தம் வாலிப காலந்தொட்டு எதிர்த்தவர். ஆனால் போரையும் எதிர்த்தவர். இரத்தம் சிந்தாமல், உடைமையாளருக்கு ஈடு கொடுத்தாவது அடிமைகளை விடுவிக்கலாம் என்று அவர் எழுதினார். வடக்கின் வெற்றியைத் தேவநீதி என்று கருதிய வெல்ஷ் மக்களுக்கு இது பொறுக்கவில்லை. தெற்கே காணி வாங்கினவர் தெற்கின் பக்கம் பேசுகிறார் என்றார்கள். அவர் ஊட்டி வளர்த்த வாசகர்களே அவரைக் கைவிட்டார்கள். நான்கு மில்லியன் மனிதர் விலங்கில் கிடந்தபோது, அவர்களை விலங்கிட்டவர்களுக்கு ஈடு கொடுப்போம் என்ற பேச்சு அடிமைப்பட்டவனின் காதில் எப்படி விழுந்திருக்கும் என்பதை அவர் போதியளவு எண்ணவில்லை என்றே எங்களுக்குப் படுகிறது. ஆனாலும் காணிக்காகக் கொள்கையை விற்றார் என்ற குற்றச்சாட்டு அவருக்குப் பொருந்தாது. கிரைமியாப் போரின்போது வேல்ஸில் இருந்துகொண்டு சொன்னதைத்தான் டெனசியிலும் சொன்னார்.  

பத்து வருடங்கள் கழிந்து, 1867இல், அறுபத்தேழு வயதில் அவர் வேல்ஸுக்குத் திரும்பினார். காணி கைகொடுக்கவில்லை, சேமிப்பு கரைந்துவிட்டது, பெயரும் பழுதாகியிருந்தது. எந்த முகத்தோடு திரும்புவது என்று எண்ணியிருப்பார். அவருக்கு நேர்ந்ததோ வேறு. பழைய சபையார் அவரை ஏற்றுக்கொண்டார்கள். வேல்ஸ் முழுவதிலும் ஏழை எளியவர் ஆளுக்குக் கொஞ்சமாகச் சேர்த்து, 1868இல், ஆயிரம் பவுணுக்கும் மேற்பட்ட தொகையை அன்பளிப்பாகக் கொடுத்தார்கள். அதுவும் ஒரு பிடியரிசிதான், சகோதரிகளே. அரசாங்கமும் பிரபுக்களும் தராததை, அவருடைய மலிவு இதழை வாசித்தவர்கள் தந்தார்கள்.

அதன்பின் கடலோர நகரமான கொன்வியில் தம்பி ஜோனுடன் வாழ்ந்தார். எழுத்தை விடவில்லை. மூன்று சகோதரரும் வருடத்துக்கு ஒருவராகப் போனார்கள்: ரிச்சர்ட் 1883இல், ஜோன் 1884இல், சாமுவேல் 1885 செப்டெம்பரில்.

ஆனால் அந்த 1883இல் இன்னொன்றும் நடந்தது. குத்தகைக்காரன் நிலத்தில் செய்த திருத்தத்துக்கு, அவன் விலகும்போது உடைமையாளர் ஈடு கொடுத்தேயாக வேண்டும் என்று பிரித்தானியப் பாராளுமன்றம் சட்டமியற்றியது. 1875இல் வந்த முந்திய சட்டத்தை உடைமையாளர் விரும்பினால் தட்டிக்கழிக்க முடிந்தது. 1883இன் சட்டம் அந்த வாசலை அடைத்தது. முப்பத்துமூன்று வருடங்களுக்கு முன் கதையிலே கவனக்காரர் கேட்டது அதைத்தான். ஜோன் போதகரின் வடிகாலுக்கும் மேரி அம்மையாரின் வேலிக்கும் அது பிந்திப்போயிற்று. சாமுவேல் அதைக் கண்டுவிட்டே கண்மூடினார். இந்தச் சட்டத்தை அவர் ஒருவரே கொண்டுவந்தார் என்று சொல்லமாட்டோம். எத்தனையோ பேர் எழுதினார்கள், கூட்டம் போட்டார்கள், தேர்தலில் எதிர்த்து வாக்களித்ததற்காகப் பண்ணையிலிருந்து துரத்தப்பட்டார்கள். அந்தப் பலரில் முதலில் வாய் திறந்தவர்களில் அவர் ஒருவர்.

இப்போது ஏன் இவரைத் தெரிந்தெடுத்தோம் என்று சொல்லவேண்டும்.

இந்த உரைக்காக வாசிக்கத் தொடங்கியபோது, நாங்கள் எங்களை எஸ். ஆரின் பக்கத்திலேயே நிறுத்திக்கொண்டோம். ஊரை விட்டுப் போனவர்கள் நாங்கள். குளிர் நாட்டில் அந்நிய மொழியில் முதலிலிருந்து தொடங்கியவர்கள் நாங்கள். போரின் நடுவிலிருந்து வந்தவர்கள் நாங்கள். அவருடைய கதை எங்கள் கதை என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம்.

பிறகு எங்களில் ஒருத்தி கேட்டாள்: “ஊரிலே காணியை வைத்துக்கொண்டு தூர தேசத்தில் இருக்கிறவர் இந்தக் கதையில் யார்?”

சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை.

நாங்கள் விட்டுவந்த வளவுகளையும் தோட்டங்களையும் எண்ணிப் பாருங்கள். பற்றை மூடிக் கிடந்த காணியை வெட்டித் துப்புரவாக்கியவர் யார்? தூர்ந்துபோன கிணற்றை இறைத்துச் சேறு எடுத்தவர் யார்? கதியால் போட்டு வேலி அடைத்தவர் யார்? வாழையும் வெங்காயமும் வைத்து மண்ணை மீண்டும் மண்ணாக்கியவர் யார்? இடம்பெயர்ந்து வந்த ஒரு குடும்பம், தூரத்து உறவு ஒருவர், கணவரை இழந்து பிள்ளைகளோடு நிற்கும் ஒரு பெண். நாங்கள் ஒரு விடுமுறையில் போய் இறங்குகிறோம். காணி பச்சையாக நிற்கிறது. எங்களுடன் வந்தவர் காதோடு சொல்கிறார்: “இப்போது இந்தக் காணி நல்ல விலை போகும்.” அல்லது, “இவ்வளவு விளைகிறதே, குத்தகையைக் கூட்டிக் கேளுங்கள்.” அந்த நிமிடத்தில் டியோஸ்க் பண்ணை வேல்ஸில் இல்லை. எங்கள் வேலிக்குள் இருக்கிறது.

உடைமையாளர் பக்கத்திலும் பயம் உண்டு, அதையும் சொல்லவேண்டும். பத்து வருடம் தடையின்றி ஆண்டவருக்கே காணி போய்விடலாம் என்ற சட்டம் இங்கே நெடுங்காலமாக உண்டு. போரினால் தம் காணிக்கு வரமுடியாதிருந்தவர்களின் நிலையை 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் ஓரளவு கவனத்தில் எடுத்தது. ஆனாலும் பயம் பயம்தான். நெற்காணி செய்யும் குத்தகைக்காரருக்கு 1958இன் நெற்காணிச் சட்டம் முதல் ஏதோ ஒரு பாதுகாப்பு இருந்துவருகிறது. தோட்டக் காணியைத் திருத்திக்கொண்டிருக்கும் அந்தப் பெண்ணுக்கு எங்கள் வாய்ச்சொல்தான் பாதுகாப்பு. இருவருடைய பயமும் ஒரு தாளில் தீரக்கூடியது. காணி யாருடையது, எத்தனை வருடத்துக்கு, குத்தகை எவ்வளவு, கிணற்றுக்கும் வேலிக்கும் அவர் போட்ட செலவுக்கு விலகும்போது என்ன கொடுப்போம் என்பவற்றை நொத்தாரிசு ஒருவரிடம் எழுதி, இருவரும் கையொப்பமிடலாம். மேரி அம்மையாருக்குக் கிடைக்காத தாள் அது. அதை எழுதிக்கொடுக்கும் இடத்தில் இன்று இருப்பவர்கள் நாங்கள்.

இன்னொன்று. எஸ். ஆர். இரண்டு காணிகளைக் கண்டவர். ஒன்று தாம் திருத்தி, பிறருக்கு உரியதாயிருந்த காணி. மற்றது தாம் வாங்கியும் தமக்கு உரியதாகாத காணி. முதலாவதில் அவர் கண்ட அநீதி அவரை எழுத வைத்தது. இரண்டாவதில் அவர் செய்த பிழை பிறரையும் வருத்தியது. தூரத்திலுள்ள நிலத்தைப் பார்க்காமலே நம்புவதும், நம்பியதைப் பிறருக்கு நம்பிக்கையாக எழுதுவதும் நல்ல மனிதருக்கும் நேரக்கூடிய பிழைகள். வெளிநாட்டைப் பற்றி ஊரிலுள்ள பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்லும் வார்த்தைகளையும் இது தொடுகிறது. எங்கள் படங்களில் வீடும் வாகனமும் தெரிகின்றன. இரவு வேலையும் கடனும் தனிமையும் தெரிவதில்லை. தங்கைகளே, போவதானாலும் நிற்பதானாலும் உண்மையைக் கேட்டு அறிந்து முடிவு செய்யுங்கள். அக்காமாரே, கேட்டால் உண்மையைச் சொல்லுவோம்.

இந்தப் பாடசாலை நிற்கும் நிலத்தையும் யாரோ திருத்தினார்கள். கிணறு வெட்டியவர், மரம் நட்டவர், விடுதியில் விடியற்காலையில் எழுந்து உலை வைத்தவர் ஆகியோரின் பெயர்கள் மண்டபச் சுவரில் இல்லை. அவர்கள் திருத்திய நிலத்தின் பயனை நாங்கள் அனுபவித்துவிட்டுப் போனோம். நூற்றாண்டு மலரில் எங்கள் பெயர்களைப் போடும்போது, எங்களுக்கு நினைவிலுள்ள அந்தப் பெயர்களையும் எழுதிக் கொடுப்போம். தம் புத்தகத் தலைப்பில் தாய்க்கு ஓரிடம் கொடுத்த அந்த மகனிடமிருந்து நாங்கள் கற்றுக்கொண்ட மரியாதை அது.

 எமது பாடசாலை இன்னும் பல நூறாண்டுகள் நிலைத்திருக்க இறைவன் அருள்புரிவாராக.